ஐம்பதாயிரம் ரூபாயை வாங்காதே, செல்வி

விழுப்புரம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். கை வீக்கம் வடிந்துவிட்டது, விரல்களை அசைக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். உன் ஸ்கூட்டரில் மோதிய காரை ஓட்டிவந்தவர் வீட்டுக்கே வந்து ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, போலீஸ், கோர்ட் என்று போக வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டாராம். நீயும் "பாவம், நல்ல மனிதராகத் தெரிகிறார், போனது போகட்டும்" என்கிறாயாம். இதைப் போனில் பேசினால் நடுவில் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பணத்தை வாங்காதே. அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அவர் நல்லவராகவே இருக்கட்டும். உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்ததும் அவர்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் பக்கத் தெருவிலிருந்து வலது இடது பார்க்காமல் காரை மெயின் ரோட்டில் ஏற்றியதும் அவர்தான். நீ வழக்குப் போட்டால் அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. காப்பீடு சரியாக இருந்தால் அப்படி எதுவும் ஆகாது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்தத் தனியார் வண்டியும் சாலைக்கு வரக் கூடாது. அவர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தில் ஒரு பங்கு உன்னைப் போல அடிபட்டவர்களுக்காகவே வசூலிக்கப்படுகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போட்டால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அப்படியிருக்க, தன் பையிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்துக் கொடுக்க ஒருவர் ஏன் இவ்வளவு அவசரப்பட வேண்டும்? போலீஸ் வழக்குக்குப் பயப்படலாம், அது மனித இயல்பு. அல்லது ஓட்டுநர் உரிமமோ காப்பீடோ காலாவதியாகி இருக்கலாம். உரிமம் சரியில்லாத வழக்குகளில்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது உண்டு. காப்பீடே இல்லையென்றால் முழுச் சுமையும் நேராக அவர் தலையில் விழும். எது உண்மை என்று தெரியாமல் நீ இரக்கப்பட்டு என்ன பயன்?

நான் கோர்ட்டில் தட்டச்சராக இருந்த காலம் முழுவதும் என் மேசையில் எம்.சி.ஓ.பி. என்னும் விபத்து இழப்பீட்டு மனுக்களின் கட்டுகள் இல்லாத நாளே கிடையாது. ஜி.எஸ்.டி. சாலை ஊரை ஒட்டிப் போகிறது, வேறு எப்படி இருக்கும்? அந்தத் தீர்ப்புகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமான இழப்பு, வலியும் வேதனையும், போக்குவரத்து, சத்தான உணவு, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, வாழ்க்கை வசதி இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு. கிழிந்த துணிக்குக்கூட ஒரு வரி இருக்கும். உன்னை அள்ளிப்போட்டபோது கத்தரித்து எடுத்தார்களே அந்தச் சுடிதார், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உன் மணிக்கட்டில் வைத்திருக்கும் பிளேட்டையும் ஸ்குரூவையும் பிறகு எடுக்க வேண்டியிருந்தால் இன்னொரு அறுவை சிகிச்சை. அதன் செலவை அந்த ஐம்பதாயிரத்தில் யார் கணக்கிட்டார்கள்?

இதற்கெல்லாம் மேலே பெரிய தலைப்பு ஒன்று இருக்கிறது. உன் வழக்கின் உயிரே அதில்தான்.

எலும்பு கூடிய பிறகு மெடிக்கல் போர்டு உன் கையைப் பார்த்து, நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று சான்று தரும். அந்தச் சதவீதத்தை இரண்டு விதமாகப் பணமாக்குவார்கள். வேலைக்குப் பாதிப்பில்லை என்று தோன்றினால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஊனம் பிழைப்பையே தொடுகிறது என்று நிரூபித்தால், வருமானத்தையும் வயதையும் வைத்துப் பெருக்கிப் போடுவார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறத்தாழ முழுவதுமே போகிறது. அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு.

நீ ஆரி வேலை செய்பவள். சட்டகத்துக்குக் கீழே இடது கை நூலைப் பிடித்திருக்க, மேலே வலது கை ஊசியைக் குத்தித் திருப்பி எடுக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் மணிக்கட்டு ஒரு முறை திரும்ப வேண்டும். ஒரு கல்யாண பிளவுஸுக்கு எத்தனை ஆயிரம் தையல் என்று உனக்குத்தான் தெரியும். அந்த மணிக்கட்டில்தான் பிளேட் இருக்கிறது. இதை மருத்துவர் தன் குறிப்பில் எழுத வேண்டும். நீ கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஊசியும் சட்டகமும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்று போட்டுக் காட்டுகிறேன். மாதம் இருபதாயிரம் சம்பாதித்தாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள். நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது உயிரிழப்பு வழக்கு. நிரந்தர ஊனம் அடைந்தவர்களுக்கும் அதே சேர்க்கை உண்டு என்று பிறகு தெளிவாகிவிட்டது. ஆக மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. உன் வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 16. இது 2009ஆம் ஆண்டின் சர்ளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி, 31 முதல் 35 வயது வரை. பெருக்கினால் 53,76,000. உன் சம்பாதிக்கும் திறனில் 15 சதவீதம் போயிற்று என்று முடிவானால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 8,06,400 ரூபாய். வருமானமும் சதவீதமும் இவ்வளவுதான் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அவை நிரூபணத்தைப் பொறுத்தவை. ஐம்பதாயிரம் எங்கே நிற்கிறது என்று நீயே பார்.

"எனக்குச் சம்பளச் சீட்டா இருக்கிறது?" என்று கேட்பாய். அதைக் கேட்டு வாயடைத்துப் போன எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பூக்காரம்மா கூண்டில் நின்றபோது, எதிர்த்தரப்பு வக்கீல் "உங்கள் கணவர் மாதம் எவ்வளவு சம்பாதித்தார், அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு, "தினமும் கொண்டுவந்து கொடுப்பாருங்க" என்றார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. தட்டச்சுப் பொறியில் என் விரல் நகரவே இல்லை. ஆதாரம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் கைவிட்டுவிடாது, நியாயமான ஒரு தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ளும். இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கே பண மதிப்பு உண்டு என்று 2001இல் லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 3,000 ரூபாய் வைத்துக் கணக்கிட்டது. ஆனால் நீ அந்தக் கருணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அளவும் அட்வான்ஸும் எழுதி, துணித் துண்டைப் பின் குத்தி வைத்திருக்கும் ஆர்டர் நோட்டு உன்னிடம் இருக்கிறது. கூகுள் பே வரவு இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது, வகுப்புக்கு வரும் பெண்கள் கட்டிய கட்டணம் இருக்கிறது. தை மாத முகூர்த்தங்களுக்கு நீ வாங்கித் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ்கள் இருக்கின்றனவே, அவை வருமான இழப்புக்கு நேரடிச் சாட்சி. ஒன்றையும் தூக்கிப் போடாதே.

இனி காலம். நான் பணியில் இருந்தபோது மனுவுக்குக் காலக்கெடு இல்லை. 1994 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் கொண்டுவந்துவிட்டார்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். கை முழுக்கக் குணமாகட்டும் என்று நீ காத்திருக்க வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊனச் சான்றைப் பிறகு வாங்கலாம். நீ குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கோவையை விட்டு எங்கும் அலைய வேண்டியதில்லை.

அதற்கு முதல் படி போலீஸ் புகார். மருத்துவமனையிலிருந்து தகவல் போயிருக்கும். நீ இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுத்துவிடு. முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாள் தாமதமும் எதிர்த்தரப்புக்குக் கேள்வியாகும். அவர் மீது வரும் குற்ற வழக்கு ஒரு தடம், உன் இழப்பீடு வேறு தடம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இரக்கப்படாதே.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் யாராவது சமரசத் தொகையோடு வரலாம். அதிலும் கவனம் வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தர மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழி செய்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். உடனே கிடைக்கிறதே என்று அதை ஏற்றுக்கொண்டால் உன் பெரிய மனு அத்தோடு அற்றுப்போகும். தவறு தெளிவாகக் காரோட்டியுடையதாக இருக்கும்போது அந்தக் குறுக்கு வழி உனக்கு வேண்டாம்.

வக்கீலை மாப்பிள்ளையே நேரில் பார்த்துப் பேசட்டும். மருத்துவமனை வாசலிலேயே ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் உண்டு. வெற்று வக்காலத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள், கடைசியில் வந்த தொகையில் பாதி எங்கே போயிற்று என்றே தெரியாது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசி வழக்கு எடுக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கட்டணத்தை முன்கூட்டியே ரூபாயில் பேசிக்கொள்ளுங்கள். தீர்ப்புத் தொகை உன் பெயரில் உள்ள கணக்குக்கு நேராக வர வேண்டும்.

வாய்தா மேல் வாய்தா வரும், மறைக்கவில்லை. ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் போடுகிறார்கள். நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் நியாயமான தொகைக்கு ராஜி வந்தால் தாராளமாக ஒப்புக்கொள். மெடிக்கல் போர்டு சான்று கையில் வந்த பிறகு பேசும் ராஜி வேறு, கட்டுப் பிரிக்கும் முன்பே வீட்டுக் கூடத்தில் பேசும் ராஜி வேறு. தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடுமோ என்றும் பயப்படாதே. இழப்பீடு கட்டாததால் பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியை நீயும் பேப்பரில் படித்திருப்பாய்.

கூண்டில் ஏறும்போது ஒன்றை நினைவில் வை. யார் உன் காலை மிதித்தாலும் நீதான் முதலில் "மன்னிச்சுக்கோங்க" என்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்த மரியாதை அங்கே வேண்டாம். "நானும் கொஞ்சம் வேகமாக வந்திருப்பேனோ என்னவோ" என்று நீ நாகரிகத்துக்காகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, விபத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று தொகையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்கள். நீ உண்மையிலேயே வேகமாக வந்திருந்தால் அதைச் சொல், மறைக்காதே. வரவில்லை என்றால் வரவில்லை என்று மட்டும் சொல். ஹெல்மெட் போட்டிருந்தாய், லைசென்ஸ் இருக்கிறது, உன் பாதையில் நீ வந்தாய். அவ்வளவுதான் உண்மை.

காசுக்காகக் கேஸ் போட்டாள் என்று பேச்சு வருமே என்று தயங்குகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பேசுகிறவர்கள் யாரும் தை மாதம் உன் சட்டகத்தின் முன் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கப் போவதில்லை. உன் உழைப்பில் குழந்தையின் பள்ளிக் கட்டணம் போகிறது, வீட்டு வாடகையில் பாதி போகிறது. ஒருவருடைய கவனக்குறைவு அதை நிறுத்தியிருக்கிறது. நின்றுபோனதைக் கணக்குப் பார்த்துக் கேட்பதில் பேராசை எங்கே இருக்கிறது? எவ்வளவு கொடுத்தாலும் பழைய கை திரும்பி வராது என்று எனக்கும் தெரியும். அதை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறேன். ஆனால் கையும் போய், கணக்கும் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த வார இறுதியில் நான் கிளம்பி வருகிறேன். அதற்குள் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள், மருந்துக்கடை ரசீதுகள், ஆட்டோவுக்குக் கொடுத்ததன் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. அடிபட்ட ஸ்கூட்டரைப் பழுது பார்க்க விடுவதற்கு முன்னால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துவிட்டாரா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். அந்தக் கார்க்காரர் மறுபடி வந்தால் உட்காரவைத்துக் காபி கொடு. பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆர்.சி., லைசென்ஸ், காப்பீட்டுப் பத்திரம் மூன்றின் நகலையும் கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
அம்மா