பூக்கடை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

நண்பர்களே, வணக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் நம் ஆட்டப் பலகையும் சில்லுகளும் தண்ணீரில் நனைந்துபோன கதையை நான் மறுபடி விரிவாகச் சொல்லப்போவதில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் அந்தக் கடைவீட்டு மாடியில் இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் அன்றிரவே படங்கள் போய்விட்டன. எல்லாம் போச்சு என்று நினைத்த மலாயாப் போர் ஆட்டம் (1941-42இல் மலாயாவில் ஜப்பானியர் நடத்திய படையெடுப்பை வரைபடத்தில் சில்லு நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது), ஞாயிறு மத்தியானம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு உடம்பு அலுப்பு தீருமுன்னே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, கீழே ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில்) பூ விற்கும் அக்காவுக்கு. காலையில் பகடைச் சத்தம் கேட்டு, "மேல என்ன தம்பி, சூதாட்டமா?" என்று விசாரித்தாரே, அவரேதான்.

படைகளைக் குறிக்கும் அட்டைச் சில்லு நனைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஓரம் உப்பும், மேலே ஒட்டிய தாள் உரியும். அரை அங்குலச் சில்லில் தாள் உரிந்தால் அது எந்தப் பட்டாலியன் என்றே சொல்ல முடியாது. ஒருவர் ஹேர் டிரையர் தேடி ஓடினார். அக்கா அவரை நிறுத்தினார். "சூடு காட்டாதீங்க, சுருண்டுக்கும்." பூ கொட்டும் மூங்கில் தட்டைக் கவிழ்த்து உதறினார், பழைய பேப்பரை விரித்தார், ஒவ்வொரு சில்லாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். நாம் இடுக்கி வைத்தே தடுமாறுகிற வேலை. அவருக்கு இரண்டு விரல் போதும். ஈர மல்லிகையைக் காம்பு கசங்காமல் எடுத்துப் பழகிய விரல்கள். மேலே இன்னொரு பேப்பர், அதன்மேல் பலகை, அதன்மேல் பக்கத்து மளிகைக் கடையில் சொல்லி வாங்கிய 5 கிலோ அரிசிப் பைகள். கடை சாத்தும் நேரம் தாண்டியும் அவர் கிளம்பவில்லை.

பிரித்ததும் அவர்தான். நிறம் பார்த்துப் பிரித்தார், அப்புறம் குறி பார்த்துப் பிரித்தார். கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டது ஒரு பக்கம், முட்டை வடிவம் போட்டது ஒரு பக்கம். காலாட்படை, டாங்கி என்று நான் விளக்குவதற்குள் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. புதிதாக வருபவர்களுக்கு இதை அரைமணி நேரம் பாடம் நடத்துகிறோம், கொஞ்சம் யோசிக்கலாம்!

"இதுல நம்ம ஆளுங்க எது?" என்று கேட்டார். 11ஆவது இந்திய டிவிஷன் சில்லுகளைக் காட்டினேன். பஞ்சாபியர், சீக்கியர், கூர்க்காக்கள். ஜித்ராவில் அடிவாங்கிப் பின்வாங்கியவர்கள், கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் தாக்குப்பிடித்தவர்கள் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோட்டத்து ஆளுங்க?" என்றார். தோட்டத் தொழிலாளர்களுக்குச் சில்லு கிடையாது, அக்கா என்றேன். அவருடைய தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. பூவுக்குத் தண்ணீர் தெளித்தபடியே சொன்னார், அழவெல்லாம் இல்லை.

அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் ஆட்டம் 8 டிசம்பர் 1941இல் கோத்தா பாருவில் தொடங்கி 15 பிப்ரவரி 1942இல் சிங்கப்பூர் விழுவதோடு முடிகிறது. எழுபது நாள். வெற்றிப் புள்ளிகளை எண்ணி, கைகுலுக்கி, பெட்டியை மூடிவிடுவோம். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலை அதற்குப் பிறகு, அதே 1942இல்தான் தொடங்கியது. நம் வரைபடத்தில் கட்டமாக இருக்கிற தோட்டங்களிலிருந்துதான் பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். ஆட்டத்தை வடிவமைத்தவரைக் குறை சொல்லவில்லை; படைநகர்வு ஆட்டத்துக்கு எல்லை வேண்டும். ஆனால் அடுத்த சந்திப்பில் முதல் மணி நேரம் பகடை உருளாது. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் யார் வந்தாலும் உட்காரவைத்துக் கேட்போம். இது என் வாக்கு. ஏற்பாட்டுக் குழு முணுமுணுத்தாலும் சரி.

மற்றவர்களுக்கும் மொத்தமாக ஒரு பெரிய நன்றி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்த தம்பி இல்லையென்றால் எந்தப் படை எங்கே நின்றது என்று சண்டைதான் நடந்திருக்கும். கோலாலம்பூரிலிருந்து கண்ணாடித் தகடும் மாற்றுப் பகடைகளும் கொண்டுவந்த சீன நண்பர்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி படகு பிடித்து வந்து தரை துடைத்தவர்கள், கேட்காமலே நாசி கண்டார் (சோறும் குழம்பும்) பொட்டலம் கட்டி அனுப்பிய மாமா, ஞாயிறு முழுக்க மின்விசிறி இல்லாமல் வியர்த்து வழிந்தும் வாய் திறக்காத எல்லாரும்.

அக்காவிடம் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் மேலே வந்து ஜப்பானியர் பக்கம் ஒரு பகடை உருட்டச் சொன்னபோது, "அவங்களுக்கு நான் உருட்ட மாட்டேன்" என்று எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். உருட்டினார், ஆறு விழுந்தது. கம்பார் இன்னொரு சுற்று தாங்கியது. ஜப்பானியர் தரப்பில் ஆடிய நண்பர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கூர்க்காச் சில்லையும் இரண்டு டாங்கிச் சில்லுகளையும் காணவில்லை. யார் பையிலாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அக்காவின் கடையில் கொடுத்துவிடுங்கள், அவர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியே ரெண்டு முழம் பூவும் வாங்கிக்கொள்ளுங்கள்.