பேண்டு குழுவில் ஊதுகருவி வாசிக்கும் மாணவர்களின் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

காலை 7 மணிக்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறோம், முதல் அரை மணி நேரம் ஒரு பாட்டும் வாசிக்காமல் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குடியரசு நாளுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அணிவகுப்புப் பாட்டைப் பழகலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த அரை மணியைக் குறைப்பதாக இல்லை. அதில் நடப்பது என்ன என்பதையும், வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியதையும் எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிமுறை அமெரிக்காவின் ட்ரம் கோர் குழுக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பித்தளைக் கருவிகளையும் தாளக் கருவிகளையும் முதன்மையாகக் கொண்ட அணிகள் அவை. புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. திறந்த மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்கள். நம் பிள்ளைகள் வாசிப்பதும் மைதானத்தில்தான். பக்கத்தில் இருப்பவரின் சுருதி அங்கே சரியாகக் கேட்காது. ஆகவே சேர்ந்து ஒலிக்கும் பழக்கம் முன்கூட்டியே காதில் ஏறியிருக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் கருவியைத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு 60 என்ற காலப்பிரமாணத்தில் நான்கு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து நான்குக்கு விடுவது. பிறகு எட்டுக்கு விடுவது, பன்னிரண்டுக்கு விடுவது. தோள் ஏறக் கூடாது, வயிறும் விலாவும் விரிய வேண்டும். வெறும் வயிற்றில் வரும் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் தலை சுற்றுகிறது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வரட்டும். வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்; டீயும் ஹார்லிக்ஸும் குடித்த வாயோடு ஊதினால் சர்க்கரை குழாய்க்குள் போய் வால்வு (சுரம் மாற்ற விரலால் அழுத்தும் பகுதி) ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் முனை) மட்டும் வைத்து உதட்டை அதிரவிடுவது மூன்று நிமிடம். பிறகு நீள்சுரம். எல்லாரும் எஃப் சுரத்தில் தொடங்கி, அரைச்சுரம் இறங்கித் திரும்புவார்கள். அடுத்து ஒரு சுரம் இறங்கித் திரும்புவார்கள். இப்படியே பி பிளாட் வரை போகும். ட்ரோம்போன் ஆசிரியர் எமரி ரெமிங்டன் பெயரால் வழங்கும் பயிற்சி இது. இந்தக் கட்டத்தில் சத்தம் மிதமாகத்தான் இருக்க வேண்டும். மேல்சுரத்தை முதலில் எட்டிப் பிடிக்கப் பார்க்கும் பிள்ளை மவுத்பீஸை உதட்டில் அழுத்துகிறது. பயிற்சி முடிந்து வெகுநேரம் ஆகியும் வாயில் வட்டத் தழும்பு மறையவில்லை என்றால் அதுதான் காரணம். அதை எங்களிடம் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் டியூனிங் கார்ட். மூன்று சுரம் சேர்ந்த ஒலி அது. நம் மொழியில் சொன்னால் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். கீழ்ச்சுரக் கருவிகளான டியூபாவும் யூஃபோனியமும் ஷட்ஜமான பி பிளாட்டைப் பிடித்து எட்டு எண்ணிக்கை நிற்கும். அதன்மேல் ஈ பிளாட் ஹார்ன் பஞ்சமம். அது நிலைத்த பிறகே ட்ரம்பெட் காந்தாரம். ஊதுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியும் தன் சுரத்தை வாயால் பாடிக்காட்ட வேண்டும். பாட வராத சுரம் கருவியிலும் வராது. கீழ்க்கருவிகள் கனமாகவும் ட்ரம்பெட் அவற்றுக்குள் அடங்கியும் ஒலிக்க வேண்டும். ட்ரம்பெட் முந்தினால் சுருதி சரியாக இருந்தாலும் கார்ட் கிறீச்சிடும்.

பிசகு அதிகம் வருவது அந்தக் காந்தாரத்தில்தான். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட் (நிலம் அளக்கும் சென்ட் இல்லை!). கைப்பேசி டியூனர் (சுருதி காட்டும் செயலி) காட்டும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்திருந்தால்தான் கார்ட் அலையடிக்காமல் நிற்கும். பஞ்சமம் 2 சென்ட் கூடியிருக்க வேண்டும். இப்போது ட்ரம்பெட்டைப் பாருங்கள். ட்ரம்பெட் நோட்டில் அந்தக் காந்தாரம் ஈ என்று எழுதப்படும். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதும்போது, ஐந்துகோட்டின் மேல்கடைசி இடைவெளியில் வரும் அந்த ஈ சுரம் இயல்பாகவே சுமார் 14 சென்ட் தாழ்ந்துதான் பிறக்கிறது. அதாவது பிள்ளை ஒன்றும் செய்யாமல் ஊதினாலே சரியான காந்தாரம் கிடைக்கிறது. ஆனால் டியூனர் முள் இடப்பக்கம் சாய்வதைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். உடனே ‘வவ்... வவ்...’ என்று ஒலி அலையடிக்கத் தொடங்கும். ஆகவே டியூனர் அடிச்சுரத்துக்கு மட்டும், மற்றதற்குக் காது. அந்த அலை மெதுவாகி நிற்கும் வரை உதட்டைத் தளர்த்தச் சொல்கிறோம்.

ஹார்னுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. அந்தப் பஞ்சமத்தை 1, 3 வால்வு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சேர்க்கை எப்போதும் சுருதி ஏறித்தான் ஒலிக்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாய்) முன்கூட்டியே சற்று இழுத்து வைக்க வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுருதி சேர்ப்பது நீள்சுரத்துக்குப் பிறகு வருவதற்கும் காரணம் உண்டு. கருவிக்குள் உள்ள காற்று 1 டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். குளிர்ந்த கருவியில் சேர்த்த சுருதி பத்து நிமிடத்தில் வீணாகும். வெயிலில் கிடந்த கருவி இன்னும் ஏறிவிடும். இடைவேளையில் நிழலில் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். ட்ரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் குழாய் 2 செ.மீ. நீளும், சுருதி 23 சென்ட் அளவுக்கு இறங்கும். குழாய் நீளம் கிட்டத்தட்ட இரு மடங்கான யூஃபோனியத்தில் அதே 1 செ.மீ. 12 சென்ட்தான் இறக்கும். ‘அவன் இழுத்த அளவு நானும் இழுத்தேன்’ என்பது செல்லாது.

வீட்டில் பத்து நிமிடம் போதும். சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ இருந்தால் 6½ கட்டையில் வைத்து, பஞ்சமச் சுருதி போடுங்கள். அதுதான் பி பிளாட். ட்ரம்பெட், யூஃபோனியம் பிள்ளைகள் அதனோடு ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரம் என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் எட்டு எண்ணிக்கை ஊதட்டும். கர்நாடக இசை கற்ற தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். டியூனரைவிட அவர்கள் காது உதவும்.

வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். குளிர்ந்தால் உறைந்து பிசினாகிறது. வால்வு எண்ணெய் பேண்டு அறையில் இருக்கிறது, வாரம் இருமுறை இரண்டு மூன்று சொட்டு போதும். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு போட்டுத் திருகாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். அப்படியே கொடுத்தனுப்புங்கள், கழற்றும் கருவி எங்களிடம் உண்டு. பல்லுக்குக் கம்பி போடப்போகும் பிள்ளைகள் போடுவதற்கு முன்பே பேண்டு ஆசிரியரிடம் தெரிவிக்கவும். சில வாரம் மேல்சுரம் இல்லாத பகுதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை காலை 7.20-க்கு மைதானத்துக்கு வந்தால் டியூனிங் கார்ட் பயிற்சியை நேரில் கேட்கலாம். மேடைப் பக்கம் நிற்காமல் கொடிக்கம்பத்தின் அருகே நில்லுங்கள். அங்கேதான் எல்லாப் பகுதியும் சமமாகக் கேட்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்