தென்காசி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

2023 டிசம்பர் 18 வெள்ளத்தன்று நெல்லை ஜங்ஷனில், எங்கள் மொத்த மருந்துக் கடைக்குள் தண்ணீர் எப்படி நின்றது என்று நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன். சேறு அள்ளிய லோடுமேன்கள், இன்சுலினை மட்டுமாவது காப்பாற்றுவோம் என்று ஐஸ் பெட்டியோடு ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரர்கள், நனைந்த சரக்கை பேட்ச் நம்பர் வாரியாகப் பிரித்து எழுதித் தந்த மருந்துக் கம்பெனி ரெப் தம்பிகள், உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

தென்காசி அண்ணாச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியே ஆகவேண்டும். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, தாத்தா காலத்துப் பேரேடுகளுக்கு ஏது? அவை கூழாகிப் போன சேதி கேட்டு, தன் மருந்துக்கடைப் பரணில் அவர் அப்பா கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய பில்களை அப்படியே மஞ்சப்பையில் போட்டு, பஸ் ஏறி வந்து என் கையில் கொடுத்தார். எல்லாம் எங்கள் கடை அவர்களுக்குப் போட்டவை. மொத்த வியாபாரி பில் நகலை 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்கிறது சட்டம். அவர்கள் 60 வருஷத்துக்கு மேலாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். பழைய பில்களில் கணக்கு அணாவில் இருக்கிறது, 1957-க்கு அப்புறம் நயா பைசா வருகிறது. முதலில் பெரும்பாலும் டிங்சர், கிளிசரின், சோடா பைகார்ப், அதாவது கம்பவுண்டர் மிக்சர் கலக்க வாங்கும் சாமான்கள்தான். போகப்போக சல்பா மாத்திரை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி என்று ரெடியாக வரும் மருந்துகள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் பில்லின் பின்பக்கம் தாத்தா கையெழுத்தில், "அறுப்பு முடிஞ்சு அனுப்பினால் போதும்" என்று இருக்கிறது. தாத்தா கடன் கொடுப்பார் என்று கேள்விப்பட்டதுண்டு, எழுத்தாகப் பார்த்தது இப்போதுதான். எங்கள் கடை இத்தனை காலம் நின்றதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் சரக்கு தண்ணீரில் போன மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பாக்கியை எங்கள் ஆள் யாரும் கேட்க மாட்டார்கள், புதுச் சரக்கும் போடுகிறோம், கடை ஓட ஆரம்பித்ததும் கொடுங்கள். அப்புறம், யார் பரணிலாவது எங்கள் கடைப் பில் கிடந்தால் தகவல் சொல்லுங்கள். நானே வந்து போட்டோ எடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.