கைப்பணிச் சங்கம், திருகோணமலை: செயலாளர்ட ஆண்டறிக்கை

தலைவி அக்காவுக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். போன வருச அறிக்கை ஒரு பக்கத்தோட முடிஞ்சிட்டு எண்டு குறை சொன்னீங்க, இந்த முறை கொஞ்சம் நீளும், தேத்தண்ணி ஆறினா என்னைப் பேசாதீங்க.

இந்த வருசம் முழுக்க ஃபெல்ட் வேலைதான், ஃபெல்ட் எண்டா நெய்யாமத் தும்பைச் சிக்குப்படுத்திச் செய்யிற துணி. முதல் நோட்டீஸில நான் "பெல்ட் வகுப்பு" எண்டு எழுதிப்போட்டன், ரெண்டு பேர் இடுப்புப்பட்டி செய்யப்போறம் எண்டு தோல் துண்டோட வந்திட்டாங்க, அது என்ட பிழை. நாங்க எடுத்தது பழைய பெட் (PET) பிளாஸ்டிக் போத்தலில செய்த ஃபெல்ட். சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் கழுவி சில்லுச் சில்லா நொறுக்கி உருக்கி சின்னச் சின்ன ஓட்டையால தள்ளினா தும்பு தும்பா வரும், இடியப்ப உரல் செய்யிற அதே வேலைதான், பிறகு அந்தத் தும்பைப் பரப்பி முள்ளு வைச்ச ஊசிகளால குத்து குத்தெண்டு குத்த ஒண்டோட ஒண்டு சிக்குப்பட்டு துணியாகிடும். நெய்யிறதே இல்ல. அதாலதான் வெட்டின ஓரத்தில நூல் பிரியாது, மடிச்சுத் தைக்கவும் தேவையில்ல, புதுசா ஊசி பிடிக்கிற ஆக்களுக்கு நல்ல லேசு.

சூடு மட்டும் ஆகாது. ரெண்டாவது வகுப்பில அயனை முழுச் சூட்டில வைச்சு அமத்தினதில ஒரு நீல ஷீட் சுருங்கி அயனிலயே ஒட்டிப்போச்சு. இப்ப குறைஞ்ச சூடு, மேல ஒரு பருத்தித் துணி.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனுக்கு வாற வெள்ளைக்காரருக்கு எண்டு நீலத்திமிங்கிலமும் மானும் கீடேக்கா, அதுதான் திறப்பில கொழுவுற தொங்கட்டானா, தைச்சம். திமிங்கிலம்தான் போகும் எண்டு நான் அடிச்சுச் சொன்னன், போனது மான். பொருளாளர் கணக்கு வாசிக்கேக்க பாருங்க.

இனி அந்த மான் கதை. வகுப்பு முடிஞ்சு வெட்டுத்துண்டை எல்லாம் ஒரு பையில கட்டி வேலியோரம் வைச்சிட்டு உள்ள போயிட்டம், திரும்பி வந்தா டவுனில திரியிற புள்ளிமான் ஒண்டு பையைக் கிழிச்சு மண்ணிறத் துண்டு ஒண்டை நிண்டு சப்புது. நாங்க வெட்டின ஃபெல்ட் மானின்ட மிச்சத்தை மான் தின்னுது! சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியேல்ல. கலைச்சுப் பிடுங்கினம், ஆனா முதலே எத்தினையை விழுங்கிச்சோ.

அண்டைக்கு ஒரு தங்கச்சி கேட்டா, "அக்கா, போத்தலில இருந்து வந்தாலும் இதுவும் பிளாஸ்டிக்தானே?" ஓம், பிளாஸ்டிக்தான். மறுசுழற்சி எண்டு சொல்லி நாங்களே எங்களுக்குப் பூமாலை போட்டுக்கொண்டிருந்தம். உக்காது, கழுவக் கழுவ நுண்ணிய தும்பு கழண்டு தண்ணியோட கடலுக்குத்தான் போகும். அதால அடிக்கடி தோய்க்கிற சாமான் ஒண்டும் இனி இதில தைக்கிறேல்ல எண்டு முடிவெடுத்தம், கீடேக், சுவர்ப்படம், புத்தக உறை மட்டும்தான். வெட்டுத்துண்டு எல்லாம் மூடியுள்ள டின்னில போட்டு பொம்மைக்குள்ள பஞ்சுக்குப் பதிலா அடைக்கிறம். பொம்மை கொஞ்சம் பாரம்தான், பரவாயில்ல.

கடைசியா, ஃபெல்ட் வெட்ட எண்டு வாங்கின கத்தரிக்கோலால ஆரோ கார்ட்போட் வெட்டி முனை மழுங்கிப்போச்சு, இன்னும் ரெண்டைக் காணேல்ல. பேர் சொல்லமாட்டன். அடுத்த கூட்டத்தில மேசையில இருந்தாக் காணும்.