முதல் நாள் தூய்மையைப் பார்த்து சவ்வு வினைகலன் வாங்காதீர்கள்

ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி விதிகள் எழுதும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். பல்லேடியம் என்பது ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும் உலோகம். அதன் மெல்லிய படலத்தைச் சவ்வாகக் கொண்ட வினைகலனில் ஹைட்ரஜன் உண்டாவதும் பிரிவதும் ஒரே குழாய்க்குள். உண்டாக உண்டாக வெளியே எடுத்துவிடுவதால் வினை தொடர்ந்து முன்னோக்கி நகரும். வழக்கமாக 800–900 டிகிரி செல்சியஸ் கேட்கும் மீத்தேன்–நீராவி வினைக்கு 500–600 டிகிரி போதும். இதில் எங்களுக்கு ஐயமில்லை. விதிகள் கேட்கும் கேள்விகளில்தான் குறை: முதல் நாள் தூய்மையை மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் பாய்வு, அதாவது ஹைட்ரஜன் சவ்வைக் கடக்கும் வேகம். அது சவ்வின் இரு பக்க ஹைட்ரஜன் பகுதி அழுத்தங்களின் (வாயுக் கலவையில் ஹைட்ரஜனுக்கு மட்டும் உரிய அழுத்தம்) வர்க்கமூல வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 9 பார், வெளியே 1 பார் என்றால் 3 கழித்தல் 1, அதாவது 2. வெளியே 4 பார் வைத்தால் மீதி 1, பாய்வு பாதியாகிவிடும். வெளிப்பக்கம் நைட்ரஜன் ஓட்டி அங்குள்ள ஹைட்ரஜன் பகுதி அழுத்தத்தைக் கால் பாராக இறக்கினால் 2.5. ஆய்வகத்தில் இப்படி எண்ணை உயர்த்துவது எளிது. ஆனால் அந்த நைட்ரஜனை யார் பிரிப்பது? வாகன எரிபொருள் ஹைட்ரஜனுக்கான ஐஎஸ்ஓ 14687 என்ற சர்வதேசத் தரம் நைட்ரஜனை 300 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 300 பங்குக்கு) மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே நைட்ரஜன் ஓட்டாமல், நிலையத்தில் இருக்கப்போகும் அழுத்தத்திலேயே அளந்த பாய்வைக் கேளுங்கள்.

அதே தரம் கார்பன் மோனாக்சைடுக்கு வைக்கும் எல்லை 0.2 பிபிஎம். உள்ளிருக்கும் வாயுவில் அது 10 சதவீதம் என்று வையுங்கள்: வெளிவரும் ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கசிவு கலந்தாலே எல்லை தொட்டாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று போதும். பின்னால் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் வினையூக்கிப் படுகை வைத்தால் அது அடங்கும். ஆனால் அந்த வினையில் நீரும் உண்டாகும், அதற்கு எல்லை 5 பிபிஎம். உலர்த்தி இல்லாத வடிவமைப்பை ஏற்காதீர்கள்.

சவ்வு பெரும்பாலும் ஓடும்போது சாவதில்லை, நிறுத்தும்போது சாகிறது. தூய பல்லேடியம் ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே ஹைட்ரஜனில் ஆறினால் படிக அமைப்பு மாறி, கன அளவு சுமார் 10 சதவீதம் வீங்கும். சில மைக்ரான் படலம் அதைத் தாங்காது, விரிசல் விடும். 23 சதவீத வெள்ளி சேர்த்தால் அந்த ஆபத்து குறையும், ஆனாலும் மெத்தனமாக இருக்கலாகாது. மின்சாரம் போனால் தானே திறக்கும் வால்வும், அழுத்த நைட்ரஜன் சிலிண்டரும் கட்டாயம் வேண்டும். சூடாக இருக்கும்போதே ஹைட்ரஜனையும் நீராவியையும் வெளியேற்றிவிட வேண்டும். நீராவி தங்கினால் வினையூக்கியில் நீர் ஒதுங்கும்.

கந்தகத்தைப் பற்றி விதிகளில் ஒரே வரிதான் இருக்கிறது. கசிவை மூக்குக்குக் காட்ட எரிவாயுவில் கலக்கும் மணப்பொருளே கந்தகச் சேர்மம்தான். அது வினையூக்கியையும் சவ்வையும் சேர்த்துக் கெடுக்கும். கந்தகத்தைப் பிடித்து வைக்கும் துத்தநாக ஆக்சைடு படுகையை மாற்றும் கால அளவை எழுத்தில் வாங்குங்கள். சவ்வுப் படலத்தைத் தாங்கும் அடிக்குழாய் துருப்பிடிக்காத எஃகு என்றால், அதன் இரும்பு பல்லேடியத்துக்குள் ஊடுருவாமல் இடையே ஆக்சைடு தடுப்புப் படலம் உண்டா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, ஏற்புச் சோதனை: 50 முறை சூடாக்கி ஆறவைத்த பிறகு, இயங்கு அழுத்தத்தில் ஹீலியம் கசிவை (பழுதில்லாத பல்லேடியத்தை ஹீலியம் கடக்காது) அளந்து, முதல் நாள் அளவோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாயுப் பிரிப்புப் பொறியாளர்கள் சிலர்