புல்லிக்குள் இருக்கும் எண்

பல்லடம்
ஆடி, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே காற்று காலம் தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாயில் புறப்படுகிற காற்று எங்கள் ஊரைத் தொடாமல் போவதில்லை. வாசலில் கோலம் நிற்பதில்லை, தறிக்கூடத்துக்குள்ளும் மண்தான்.

கடைசிப் பத்தியைப் படித்த பிறகுதான் மனம் ஆறவில்லை. பெல்ட் ஓடும் பக்கம் சத்தம் வருகிறது, பெல்ட்டைத் தாங்கி ஓடவிடும் சக்கரமான ஐட்லர் புல்லியை முழுதாக மாற்ற வேண்டும், அந்த மாடலுக்கு இப்போது கிடைப்பதில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், ஆகவே காரை விற்றுவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாமா கடைசியாகப் பழனிக்குப் போய்வந்த வண்டி அது. அந்தப் புல்லிக்குள் இருந்து அதைச் சுழலவிடும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பேரிங்குக்காக வண்டியைக் கைவிடாதே.

போன தையில் எனக்கும் இதே தொல்லை வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். பெல்ட்தான் என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன். சத்தம் போகவில்லை. பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பெல்ட் போடும் சத்தமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சற்று நேரமாவது மாறுமாம். மாறவில்லை. இஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். ஒன்று மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதுதான் நல்ல புல்லி என்று நான் நினைத்தேன். போனது அதுதான் என்றார் அவர். கிரீஸ் உள்ள பேரிங் சற்று இறுக்கமாகச் சுற்றிச் சீக்கிரம் நின்றுவிடும். கிரீஸ் காய்ந்ததுதான் சரசரவென்று ஓடும். நாற்பது வருடம் இயந்திரங்களோடு இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

புல்லியின் மூடியை நெம்பி எடுத்துத் துடைத்ததும் பேரிங்கின் முகத்தில் எண் தெரிந்தது: 6203. கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்குப் போகும்போதெல்லாம் நாம் கேட்ட அதே எண். உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது. கார் கம்பெனி புல்லியைத் தன் பாக எண்ணில் விற்கிறது. அதற்குள் இருப்பது உலகம் முழுவதும் கிடைக்கும் பொதுச் சரக்கு. எண் அழிந்திருந்தாலும் வெர்னியர் அளவுகோல் வைத்து இந்த மூன்று அளவையும் எடுத்தால் கடைக்காரர் சொல்லிவிடுவார். 6202 என்றால் 15, 35, 11. 6303 என்றால் 17, 47, 14. துளை ஒன்றாக இருக்கிறதே என்று 6203-க்குப் பதில் 6303 வாங்கிவிடாதே, புல்லிக்குள் நுழையாது.

கோவைக்குப் போனேன். மில்லும் மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊரில் பேரிங் கடைக்கா பஞ்சம்? கடைக்காரர் முதலில் கேட்டது, ‘மோட்டாருக்கா, வண்டிக்கா?’ என்றுதான். இஞ்சின் பக்கம் சூடும் தூசியும் தண்ணீரும் அதிகம். இஞ்சினோடு சுற்றி பெல்ட்டை இழுக்கும் கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், ஐட்லர் 70 என்றால், இஞ்சின் 3,000 சுற்று ஓடும்போது ஐட்லர் 6,000 சுற்று ஓடுகிறது. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாதபடி இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதையே கேட்க வேண்டும். எஸ்.கே.எஃப். கம்பெனி அதை 2ஆர்எஸ் என்று தொடங்கும் எழுத்துகளில் குறிக்கும், என்.எஸ்.கே.யில் டிடியு, என்.டி.என்.னில் எல்எல்யு. இசட்இசட் என்று போட்டிருந்தால் தகட்டு மூடி, நம் ஆடிக்காற்று மண்ணுக்கு அது தாங்காது. பழையதில் சி3 என்று இருந்தால் புதியதிலும் இருக்கட்டும். சூட்டில் விரிவதற்காக உள்ளே கூடுதல் இடைவெளி விட்டிருப்பதன் குறி அது. பெரிய பெயர்களில் போலி நிறைய வருவதால் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கு. இருநூற்றைம்பது ரூபாய்க்குள் எனக்கு முடிந்தது.

மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். சுத்தியலால் தட்ட விடாதே. லேத் பட்டறையில் பிரஸ் வைத்து, வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழும்படி இறக்கச் சொல். உள்வளையத்தை அழுத்தினால் அந்தப் பாரமெல்லாம் பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே கத்தத் தொடங்கும். நடுவில் போல்ட்டுக்காக புஷ் என்கிற ஒரு சின்னக் குழாய்த் துண்டு இருந்தால் பத்திரமாக எடுத்து வை, அது கடையில் கிடைக்காது.

பிளாஸ்டிக் புல்லியைப் பேரிங்கின் மேலேயே வார்த்திருந்தால் இந்த வழி செல்லாது. இஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டின் புல்லியாக இருந்தாலும் பேரிங் மட்டும் மாற்றாதே, முழுதாகத்தான் வாங்க வேண்டும். அந்தப் புல்லி இறுகி டைமிங் பெல்ட் அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன்னுடையது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளிப் பெல்ட். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு நீ கவலைப்படலாமா? போர் போடும் ரிக் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிற ஊர். பிரஸ் உள்ள பட்டறை உன் தெருமுனையிலேயே இருக்கும். நாளைக்கே புல்லியைக் கழற்றி எண்ணைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய். அங்கே கிடைக்கவில்லை என்றால் புதன்கிழமை நூல் எடுக்கக் கோவை போகிறேன், வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அதுவரை வண்டி பார்க்க வருகிறவர்களிடம் முன்பணம் மட்டும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்