மாமா காலத்தில் இல்லாத மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க மீனாட்சி அம்மன் துணை. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சின்னவன் கையில் கொடுத்துவிடுகிறாய். அவன் பாட்டுப் பாடிக் காட்டுகிறான், நான் கேட்க வந்ததை விட்டுவிடுகிறேன். சேது மகன் அடுத்த வாரம் துபாய் வருகிறான் என்று தெரிந்ததும் எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றியது.

ஊரில் வெயில் தாங்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதை இந்த வருஷம் டிவியில்தான் பார்த்தோம். அனுப்பானடி அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒத்தக்கடை இடத்துக்கு வேலி போட்டாயிற்று. "என் மகன் வெயிலில் நின்று சம்பாதித்து வாங்கிய மண்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த வெயில் என்ற வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு வேறு நினைப்பு வருகிறது.

அப்பாவுக்குப் போன வாரம் ரத்தமும் யூரினும் கொடுத்துப் பார்த்தோம். யூரினில் கசிகிற அல்புமின் என்ற புரதம் முன்பு 310 இருந்தது, இப்போது 120. கிட்னி வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.3-லேயே நிற்கிறது. மாதாமாதம் மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். கிட்னிக்குப் போடுகிற டாபாகிளிஃபுளோசின் மாத்திரை மட்டும் கடையில் வாங்குகிறோம். 2020-ல் நம் நாட்டில் அதன் முதல் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலை நன்றாக இறங்கிவிட்டது.

அதை ஆரம்பித்த புதிதில் அப்பாவுக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியது. பயந்துபோய் நிறுத்தப் பார்த்தார், நான்தான் விடவில்லை. கிட்னியில் வடிகட்டுகிற அந்தப் பொடி ரத்தக்குழாய் முடிச்சுகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை அந்த மாத்திரை குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் வடிகட்டுவதும் முதலில் கொஞ்சம் குறைந்ததுபோல் காட்டும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை பிரஷர் மாத்திரைகளும் இப்படித்தான். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் டாக்டர்கள் பொதுவாக நிறுத்துவதில்லை, அதைத் தாண்டினால்தான் வேறு காரணம் தேடுவார்கள். இது தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு "இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துவிட்டது" என்று சொல்கிற எத்தனையோ பேரை நான் லேபில் பார்த்திருக்கிறேன்.

வில்லாபுரத்து மாமாவும் நிறுத்தினவர்தான். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒன்றை நான் உன்னிடம் சொன்னதில்லை. அவனுடைய யூரினை முதலில் பார்த்தது நான். பெரியாஸ்பத்திரி லேபில் டெஸ்ட் டியூபில் முக்கால் பங்கு ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கொதித்து வெள்ளை படர்ந்தால் இரண்டு மூன்று சொட்டு அசெட்டிக் அமிலம் விடவேண்டும். பாஸ்பேட் உப்பாக இருந்தால் கரைந்து தெளிந்துவிடும், கிட்னி கசியவிட்ட புரதமாக இருந்தால் கரையாது. அன்றைக்குக் கரையவில்லை. டியூபின் கீழ்ப்பாதி தெளிவாக இருக்க, மேல்பாதி மட்டும் பால் திரிந்ததுபோல் திப்பி திப்பியாக நின்றது. இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அப்போது மாமா ஆள் திடமாக இருந்தான். கால் வீக்கம் இல்லை, ஒரு தலைவலி இல்லை. பிரஷர் 170/110. "எனக்கென்னக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்றான். மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டான், அப்புறம் விட்டான். அவனை மறுபடி லேபுக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது கிரியேட்டினின் 7. பிறகு டயாலிசிஸ், அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா. நீ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "உள்ளே உர்ருங்குதும்மா" என்று கையை எடுத்துக்கொண்டாய். 98-ல் அவன் போய்விட்டான்.

எங்களுக்குப் பாடம் எடுத்த சார் ஒரு சோதனையை அடிக்கடி சொல்வார். 1934-ல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற டாக்டர், நாயின் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு இறுக்கினார். பிரஷர் ஏறியது, ஏறியபடியே நின்றது. ரத்தம் குறைந்து வந்தால் கிட்னி ரெனின் என்ற சுரப்பை விடும். அதிலிருந்து உண்டாகிற ஆஞ்சியோடென்சின் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களை இறுக்கும். அதனால் கிட்னி கெட்டால் பிரஷர் ஏறுகிறது, பிரஷர் ஏறினால் கிட்னி இன்னும் கெடுகிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது அறுக்கவேண்டும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு விஷத்தைப் படித்துப் பார்த்து அதிலிருந்து வழி கண்டுபிடித்துச் செய்ததுதான் கேப்டோபிரில், 1981-ல் மருந்தாக வந்தது. சின்ன வயதிலேயே சுகர் வந்து கிட்னியும் கெட ஆரம்பித்தவர்களை அது காக்கிறது என்று 1993-ல் காட்டினார்கள். பெரியவர்களுக்கு வருகிற சுகரில் லோசார்ட்டான் அதையே செய்கிறது என்று 2001-ல் வந்தது. அப்புறம் 2020-ல் அப்பா போடுகிற டாபாகிளிஃபுளோசின். 4,304 பேருக்குச் சோதித்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குச் சுகரே கிடையாது. கிட்னி பாதிக்குமேல் இறங்குவது, டயாலிசிஸ் வரை போவது, கிட்னியாலோ இதயத்தாலோ சாவது இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள்.

மாமாவுக்கு இதில் பாதி கிடைக்கவில்லை. கிடைத்த பாதியை அவன் போடவில்லை. உன் காலத்தில் எல்லாம் மெடிக்கல் கடையில் இருக்கிறது.

சரி, இனி சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. ஏப்ரலில் உன் கம்பெனியில் செக்கப் நடக்கும். அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாய், "அம்மா, லேப் மேடம், பார்த்துச் சொல்லுங்க" என்று. இந்த வருஷம் அனுப்பவில்லை. செக்கப் நடக்கவே இல்லையா, நடந்து நீ பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு எனக்கு அனுப்பவில்லையா? மருமகளிடம் கேட்கலாம்தான். அவள் பாவம், உனக்கும் எனக்கும் நடுவில் அவளை எதற்கு இழுக்கவேண்டும்?

போன வருஷ ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. கிரியேட்டினின் 1.2, பக்கத்தில் நார்மல் என்று அச்சடித்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம் 0.9. நார்மல் என்ற வார்த்தையை நம்பாதே. உன் வயதுக்கு 0.9 என்றால் கிட்னி நிமிஷத்துக்கு 110 மில்லி அளவில் வடிகட்டுகிறது, 1.2 என்றால் 78. நானே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி கறி சாப்பிட்டிருந்தாலோ, தண்ணீர் குடிக்காமல் போயிருந்தாலோகூட அப்படி ஏறும், அதனால் அப்போது பதறவில்லை. மறுபடி பார் என்று மட்டும் சொன்னேன். பிரஷர் வேறு 146/94 போட்டிருந்தது. "வெயிலில் வந்த உடனே பார்த்தாங்கம்மா" என்றாய். இருக்கலாம். அதற்காகத்தான் மறுபடி பார் என்று சொன்னேன்.

கிட்னி பாதி போகும் வரைக்கும் கிரியேட்டினின் கோட்டுக்குள்ளேயே நிற்கக்கூடும். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது யூரின்தான். காலையில் முதலில் போகிற யூரினில் அல்புமின் கிரியேட்டினின் விகிதம் என்று கேட்டுப் பார். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தோஷம். கூட இருந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்யவேண்டும். உன் செக்கப்பில் இந்த டெஸ்ட் கிடையாது, போன வருஷ ரிப்போர்ட்டில் நான் தேடிவிட்டேன். காசு கொடுத்தாவது செய்.

பிரஷரை வீட்டில் பார். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, பேசாமல் பார். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காதே. உன் புஜத்துக்குப் பெரிய பட்டை வாங்கவேண்டும், சின்னதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். 2015-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட இதயச் செயலிழப்பும் இதயச் சாவும் குறைந்தன. கிட்னி இறங்குவது அதனால் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் கிட்னி பலவீனமானவர்கள் பெரும்பாலும் இதயத்தில்தானே போகிறார்கள். எந்த அளவில் நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். 146 நல்லதில்லை என்பதைச் சொல்ல உன் அம்மா போதும்.

இந்தத் தடவை ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. மருமகள் கோபித்துக்கொள்ளப் போகிறாள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தமே 5 கிராம் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு டீஸ்பூன்தான். பருப்புப் பொடி உப்புக் குறைத்து இடித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முறுக்கு இருக்கிறது, நீ எடுக்காதே.

ஜூன் 15-லிருந்து அங்கே மத்தியான வேலைக்குத் தடை வந்துவிடும் என்று தெரியும். மற்ற நேரமும் சைட்டில் நிற்கிறாய் அல்லவா, தண்ணீர் குடி. ரிப்போர்ட் வந்ததும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. நன்றாக இருந்தாலும் அனுப்பு, இல்லாவிட்டாலும் அனுப்பு. நான் அழமாட்டேன், அப்பாவிடமும் சொல்லமாட்டேன். நாற்பது வருஷமாக மற்றவர்கள் ரிப்போர்ட்டை அழாமல் படித்தவள்தான் நான். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் போடு ராசா, நாற்பது வயதில் மாத்திரையா என்று வெட்கப்படாதே. மாமாவும் அதைத்தான் சொன்னான்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: போன லீவில் வந்தபோது இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் பட்டை உன் பையில் இருந்ததைப் பார்த்தேன். கேட்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தை இன்னும் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும். டாக்டரிடம் போகும்போது அதைத் தின்பதையும் சொல்லு, மறைக்காதே. வலி அதிகமா? அதையாவது ஃபோனில் சொல்லு.